கரிச் சங்கிலியில் புதிய கண்ணிகள்

என் தந்தையார் வயரிங் வேலை செய்பவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்து, அடுக்கு வீடுகளுக்கு மின் இணைப்புக் கொடுத்து எங்களைப் படிக்க வைத்தார். பள்ளி விடுமுறைகளில் நானும் அவருடன் வேலைக்குப் போவதுண்டு. கம்பியின் மேலுறையைச் சீவிக் கொடுப்பது என் பங்கு. ஒரு நாள் உறை கீறிப்போன கம்பி ஒன்றைக் கவனியாமல் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வீசி எறிந்துவிட்டுச் சொன்னார்: "செம்பு வேலை செய்யுது, பிளாஸ்டிக்கு நம்ம உயிரக் காப்பாத்துது. இத மறந்தவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லடா."

அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. ஆயினும் முதுநிலை வகுப்பில் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக். தொலைபேசியில் இதைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது எப்படிப்பா ஓடும்?" என்றார். நான் தமிழில் விளக்கத் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலம் வந்து குறுக்கே நின்றுகொண்டது. "சரிப்பா, உனக்குப் புரிஞ்சா சரி" என்று அவர் முடித்துவிட்டார்.

எனக்கே புரிந்ததா என்ற ஐயம் அன்று எழுந்தது. தந்தையாருக்கு விளங்கும்படி சொல்ல முடியாத ஒன்றை நான் எவ்வளவு அறிந்திருக்கிறேன்? இக்கட்டுரை அந்த விடையை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கும் முயற்சியாகும். நம் சங்கத்தில் கலை மாணவரும் வணிகவியல் மாணவரும் உளர். அவர்களும் என்னுடன் வரும் வண்ணமே எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் ஏன் மின்சாரத்தைத் தடுக்கிறது?

பிளாஸ்டிக் என்று நாம் வழங்கும் பொருள்கள் யாவும் பாலிமர்கள். அதாவது, சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாக அமைந்தவை. இத்தகைய நெடுஞ்சங்கிலிகள் உண்மையிலேயே உள்ளன என்று 1920-ல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மானிய வேதியியலறிஞர் வாதாடினார். அப்போது பலர் அதை ஏற்கவில்லை. 1953-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலான பாலிமர்களின் முதுகெலும்பு கரி, அதாவது கார்பன். ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் உண்டு எனக் கொள்வோம். ஒவ்வொரு கையிலும் ஓர் எலெக்ட்ரான் இருக்கிறது. கடைகளில் தரும் பாலிதீன் பையின் சங்கிலியில், ஒரு கார்பன் தன் இருபுறமும் உள்ள கார்பன்களை இரு கைகளாலும், இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை மற்ற இரு கைகளாலும் இறுகப் பிடித்திருக்கிறது. நான்கு கைகளும் வேலையாக உள்ளன. எந்த எலெக்ட்ரானும் தன் இடத்தை விட்டு அசைய வழியில்லை. மின்சாரம் என்பது எலெக்ட்ரான்களின் நடமாட்டமே ஆதலால் அங்கே மின்சாரமும் இல்லை. தந்தையாரின் முதற்பாடத்துக்குக் காரணம் இதுவே.

இனிப் பாலிஅசெட்டிலீன் என்னும் வேறொரு சங்கிலியைப் பார்ப்போம். இதில் ஒவ்வொரு கார்பனும் இரண்டு கார்பன்களையும் ஒரே ஒரு ஹைட்ரஜனையும் பற்றியிருக்கிறது. மூன்று கைகளுக்கு வேலை. நான்காவது கை மிச்சம். இந்த நான்காவது எலெக்ட்ரான், சங்கிலி கிடக்கும் தளத்துக்கு மேலும் கீழுமாக விரிந்த ஒரு கூட்டில் இருக்கிறது. இதனைப் பீ ஆர்பிட்டால் என்பர். பக்கத்துக் கார்பனின் கூடும் இதனோடு பக்கவாட்டில் கலக்கும்போது இரட்டைப் பிணைப்பு உண்டாகிறது. ஆக, சங்கிலி நெடுகிலும் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைகின்றன. இவ்வமைப்புக்கு இணைவு என்று பெயர். இணைவுள்ள சங்கிலியில் அந்த நான்காம் எலெக்ட்ரான்கள் ஓர் அணுவுக்கு மட்டும் சொந்தமல்ல. சங்கிலியின் நெடுந்தொலைவுக்கு அவை பொதுச்சொத்து.

அப்படியானால் இது செம்பைப்போலக் கடத்த வேண்டுமே எனலாம். கடத்துவதில்லை. ஒரு பந்தியை எண்ணிப் பாருங்கள். எல்லா இலைகளிலும் ஆட்கள் அமர்ந்துவிட்டார்கள். யாராவது பக்கத்து இலைக்கு நகர விரும்பினால் முடியுமா? இடமில்லை. ஆனால் நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டால், அடுத்தவர் அந்த இடத்துக்கு நகரலாம். அவர் விட்ட இடத்துக்கு அதற்கடுத்தவர் நகரலாம். இப்படியே காலி இலை பந்தியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துவிடும். பாலிஅசெட்டிலீனுக்குத் தேவைப்பட்டது பந்தியிலிருந்து சிலரை எழுப்பிவிடும் ஓர் உபாயமே.

வெள்ளித் தகடும் பொன் தகடும்

அந்த உபாயம் கிடைத்த கதையில் ஒரு பிழையும் ஒரு தேநீர்ச் சந்திப்பும் உண்டு. டோக்கியோவில் ஹிடெக்கி ஷிரகாவா என்பவர் பாலிஅசெட்டிலீனை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது வழக்கமாகக் கரும்பொடியாகவே கிடைக்கும். 1967-ல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒருவர் வினையூக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்த்துவிட்டார். பொடிக்குப் பதிலாக வெள்ளிபோல் பளபளக்கும் மெல்லிய தகடு உருவாயிற்று. ஷிரகாவா அதை வீசி எறியவில்லை, காரணத்தை ஆராய்ந்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அலன் மெக்டயார்மிட் என்பவர் பொன்னிறமான வேறொரு பாலிமரை ஆராய்ந்துவந்தார். இதில் கார்பனே கிடையாது. கந்தகமும் நைட்ரஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி அது. உலோகம்போல் மின்சாரம் கடத்தும். ஏறத்தாழ 0.26 கெல்வின் என்னும் கடுங்குளிரில் எதிர்ப்பே இல்லாத மீகடத்தியாகவும் அது மாறுகிறது என்று 1975-ல் கண்டறிந்தனர். அவ்வாண்டில் மெக்டயார்மிட் டோக்கியோவுக்குச் சொற்பொழிவாற்றச் சென்றார். தேநீர் வேளையில் அவர் தம் பொன் தகட்டைப் பற்றிச் சொல்ல, ஷிரகாவா தம் வெள்ளித் தகட்டைக் காட்டினார். அடுத்த ஆண்டில் ஷிரகாவா பென்சில்வேனியாவுக்குச் சென்றார். இயற்பியலறிஞர் அலன் ஹீகரும் அங்கே சேர்ந்துகொண்டார்.

அவர்கள் வெள்ளித் தகட்டின்மேல் அயோடின் ஆவியைப் படியவிட்டனர். அயோடினுக்கு எலெக்ட்ரான் பசி அதிகம். அது பந்தியிலிருந்து சிலரை எழுப்பிக்கொண்டு போய்விட்டது. தகட்டின் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு பெருகிற்று. 1977-ல் இதனை வெளியிட்டனர். 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

வெள்ளித் தகட்டின் புகழை எல்லாப் பாடநூல்களும் சொல்லுகின்றன. பொன் தகட்டைச் சொல்வன சில. ஆனால் என் கட்டுரையின் பொருளே அந்தப் பொன் தகட்டில்தான் இருக்கிறது. இத்துறை பிறந்த நாளிலேயே கார்பன் அல்லாத தனிமங்கள் தொட்டிலருகில் நின்றன. அவற்றைக் கரிச் சங்கிலிக்குள்ளேயே அழைத்து வந்தால் என்ன? போரான், சிலிக்கான், பாஸ்பரஸ், கந்தகம், செலீனியம் ஆகியவை தனிம அட்டவணையில் கார்பனுக்கு அண்டை அயலில் குடியிருப்பவை. இவற்றை முதன்மைத் தொகுதித் தனிமங்கள் என்பர். இவற்றைக் கண்ணிகளாகக் கொண்ட இணைவுச் சங்கிலிகளே கலப்பினப் பாலிமர்கள்.

கீழ்த்தளமும் மேல்தளமும்

ஏன் அழைக்க வேண்டும்? இதற்கு விடை சொல்லுமுன் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இணைவுச் சங்கிலியை இரண்டு தளங்கள் கொண்ட வீடாகக் கொள்வோம். கீழ்த்தளம் முழுவதும் எலெக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. மேல்தளம் காலி. இரண்டுக்கும் இடையிலுள்ள உயரத்தை ஆற்றல் இடைவெளி என்பர். எலெக்ட்ரான் வோல்ட் என்னும் அளவில் இதனைக் குறிப்பர். பாலிஅசெட்டிலீனில் இது ஏறத்தாழ 1.5. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிவப்புக் கதிரின் ஆற்றல் சுமார் 1.7, ஊதாவின் ஆற்றல் சுமார் 3.1.

எலெக்ட்ரான் மேல்தளத்திலிருந்து கீழே விழும்போது ஒளி பிறக்கலாம். அந்த ஒளியின் நிறத்தை இடைவெளியே தீர்மானிக்கிறது. விளக்கு செய்ய இது பயன்படும். 1990-ல் கேம்பிரிட்ஜில் ஓர் இணைவுப் பாலிமரின் மெல்லிய படலத்தில் மின்சாரத்தைச் செலுத்தி ஒளிரச் செய்தனர். மாறாக, வெயில் பட்டு எலெக்ட்ரான் மேலே ஏறினால் அதைப் பிடித்து மின்சாரமாக்கலாம். இது சூரிய மின்கலம். விளக்குக்கு உயரமான படி வேண்டும்; சூரிய மின்கலத்துக்கு அது ஒத்துவராது. ஒரே பொருளாலான மின்கலத்துக்கு 1.3 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய இடைவெளி மிகவும் ஏற்றது என்பது 1961-ல் ஷாக்லி, குவைசர் என்போர் போட்ட கணக்கிலிருந்து கிடைக்கும் முடிவு.

ஆகவே வேதியியல் மாணவனுக்கு வைக்கப்படும் கேள்வி இது: படியின் உயரத்தை விரும்பியவாறு கூட்டவும் குறைக்கவும் இயலுமா? கார்பனை மட்டும் வைத்துக்கொண்டு செய்யக்கூடியது ஓரளவுதான். வேறு தனிமம் ஒன்றைக் கண்ணியாகச் சேர்த்தால், ஒரே மாற்றத்தில் தளங்களே இடம் பெயர்கின்றன.

மூன்று அயலார்

முதலில் கந்தகக் குடும்பம். நான்கு கார்பனும் ஒரு கந்தகமும் கூடிய ஐங்கோண வளையத்தைத் தயோஃபீன் என்பர். இவ்வளையங்களைக் கோத்தால் பாலிதயோஃபீன் கிடைக்கும். பாலிஅசெட்டிலீன் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். இதுவோ நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இதன் உறவான ஒரு பாலிமரை 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தார் உருவாக்கினர். புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் சேர்ந்து படத்தைக் கெடுக்காதிருக்க அதைப் பூசினார்கள். ஆய்வுக்கூடம் விட்டு வெளியே வந்து உழைத்த இணைவுப் பாலிமர்களுள் அது ஒன்று.

கந்தகம் இருந்த இடத்தில் அதற்கு நேர் கீழுள்ள செலீனியத்தை வைத்தால் என்ன ஆகும்? பக்கச் சங்கிலி பூட்டிய பாலிதயோஃபீன் ஒன்றின் இடைவெளி ஏறத்தாழ 1.9 எலெக்ட்ரான் வோல்ட் என்றால், அதே அமைப்பில் செலீனியம் சேர்ந்தது ஏறத்தாழ 1.6. டெல்லூரியம் வந்தால் இன்னும் குறைகிறது. தனிம அட்டவணையில் ஒரு படி கீழே இறங்கினால் பொருளின் நிறமே மாறிவிடுகிறது. பாடநூலில் மனப்பாடம் செய்த அந்த அட்டவணை, கண்ணாடிக் குடுவையில் நிறமாக எழுந்து நிற்பதை முதன்முறை கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

அடுத்தது சிலிக்கான். சிலிக்கான் அணுக்களை மட்டும் நேராகக் கோத்த சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூட இல்லாவிடினும் எலெக்ட்ரான்கள் பரவி நிற்கின்றன. ஒற்றைப் பிணைப்புகளே ஒன்றோடொன்று கலந்துகொள்வது இதன் தனித்தன்மை. நான்கு கார்பனும் ஒரு சிலிக்கானும் சேர்ந்த சைலோல் வளையத்தில் மேல்தளம் கீழே இறங்கி, எலெக்ட்ரானை எளிதில் ஏற்கும் இயல்பு உண்டாகிறது. 2001-ல் ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழுவினர் இவ்வகைச் சேர்மம் ஒன்றில் விந்தையைக் கண்டனர். பல சாயங்கள் கரைசலில் ஒளிர்ந்து, திண்மமாகத் திரளும்போது மங்கிவிடும். இதுவோ கரைசலில் மங்கலாகவும், திரண்டபின் பிரகாசமாகவும் ஒளிர்ந்தது. கரைசலில் அதன் பக்கவளையங்கள் சுழன்று ஆற்றலை வீணாக்குகின்றன. திரளும்போது இடம் நெருக்கமாகிச் சுழற்சி நின்றுவிடுகிறது.

மூன்றாவது பாஸ்பரஸ். கனமான தனிமங்கள் நிலையான இரட்டைப் பிணைப்பை அமைப்பதில்லை என்பது நெடுநாள் விதியாக இருந்தது. 1981-ல் ஜப்பானில் யோஷிஃபுஜி பாஸ்பரஸ்–பாஸ்பரஸ் இரட்டைப் பிணைப்பையும், அமெரிக்காவில் ராபர்ட் வெஸ்ட் சிலிக்கான்–சிலிக்கான் இரட்டைப் பிணைப்பையும் செய்து காட்டினர். இரகசியம் எளியது. பிணைப்பின் இருபுறமும் பருத்த கார்பன் தொகுதிகளைக் காவலாளிகள்போல் நிறுத்தினர். அயல் மூலக்கூறுகளால் உள்ளே நெருங்க முடியவில்லை. 2002-ல் கனடாவில் டெரெக் கேட்ஸ், பாஸ்பரஸ்–கார்பன் இரட்டைப் பிணைப்பை முதுகெலும்பிலேயே வைத்துப் பாலிமர் செய்தார். பாஸ்பரஸுக்கு மற்றுமோர் அருங்குணம் உண்டு. அதனிடம் பயன்படாத எலெக்ட்ரான் இணை ஒன்று மிச்சமிருக்கிறது. சங்கிலியைக் கட்டி முடித்த பிறகும் அந்த இணையில் ஆக்ஸிஜனையோ கந்தகத்தையோ பூட்டி நிறத்தை மாற்றலாம். வீடு கட்டி முடித்தபின் சுண்ணாம்பு அடிப்பதுபோல என்க.

போரானின் காலி இலை

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது போரான். இதற்கு மூன்றே எலெக்ட்ரான் கைகள். மூன்று அணுக்களைப் பற்றியபின், கார்பனுக்கு எலெக்ட்ரான் மிச்சமிருந்த அந்த நான்காம் கூடு, போரானில் வெறுங்கூடாக நிற்கிறது. பந்தியில் பிறந்தபோதே ஒரு காலி இலை! அயோடினின் உதவியின்றியே, அருகிலுள்ள எலெக்ட்ரான்களை அது தன்பால் இழுக்கிறது. மின்னணுக் கருவிகளுக்கு எலெக்ட்ரானை ஏற்கும் பொருள்கள் தேவை. கார்பனும் கந்தகமும் சேர்ந்த சங்கிலிகள் பெரும்பாலும் கொடுக்கும் இயல்பினவே. ஆகவே போரானின் பசி அருமையான குணம்.

போரானைச் சங்கிலியில் கோக்க வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஜப்பானின் கியோட்டோவில் இருந்த யோஷிகி சுஜோ. போரான்–ஹைட்ரஜன் பிணைப்பு, கார்பன்–கார்பன் மும்மைப் பிணைப்பின்மேல் ஏறி அமரும் வினையை ஹெர்பர்ட் பிரௌன் வளர்த்தார். 1979-ன் நோபெல் பரிசு அதற்காக அவருக்குக் கிடைத்தது. அவ்வினையையே திரும்பத் திரும்ப நிகழச் செய்து, 1998-ல் சுஜோ குழுவினர் போரானை உள்ளடக்கிய இணைவுப் பாலிமரைச் செய்தனர். இங்கும் காவலாளிகள் உண்டு. மெசிட்டில் என்னும் வளையத்தில் மூன்று மெத்தில் தொகுதிகள் உள்ளன. அவற்றுள் இரண்டு, போரானின் வெறுங்கூட்டை இருபுறமும் மறைத்து நிற்கின்றன.

காவலைத் தாண்டிப் புகுவன சில உண்டு. ஃபுளோரைடு அயனி மிகச் சிறியது. அது நுழைந்து வெறுங்கூட்டில் அமர்ந்துகொள்ளும். உடனே அவ்விடத்தில் இணைவு அறுந்து, பாலிமரின் நிறமும் ஒளியும் மாறும். இதனால் ஃபுளோரைடைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாகப் போரான் பாலிமரைப் பயன்படுத்தலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும், தெலங்கானாவின் நல்கொண்டாவிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களில் கறையும் எலும்புகளில் வளைவும் உண்டானதை நாம் அறிவோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஆனால் ஓர் இடையூறு உண்டு. தண்ணீரில் உள்ள ஃபுளோரைடை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து இறுகப் பற்றியிருக்கின்றன. போரானிடம் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே இச்சோதனைகளுள் பல கரிமக் கரைப்பான்களிலேயே நடந்துள்ளன. கிணற்றடிக்கு அப்படியே கொண்டுபோகும் நிலை இன்னும் எளிதாகவில்லை.

போரானும் நைட்ரஜனும்

கார்பனின் எலெக்ட்ரான் எண்ணிக்கை 6. போரானுக்கு 5, நைட்ரஜனுக்கு 7. இரண்டையும் கூட்டினால் 12. இரண்டு கார்பனுக்கும் அதே 12. எனவே இரு கார்பன் இருந்த இடத்தில் ஒரு போரானையும் ஒரு நைட்ரஜனையும் வைத்தால் கணக்குச் சரியாகிறது. 1926-ல் ஆல்ஃபிரட் ஸ்டாக்கும் போலாண்டும் செய்த போரசீன், பென்சீனைப்போலவே அறுகோண வளையம். கார்பனுக்குப் பதில் மூன்று போரானும் மூன்று நைட்ரஜனும்.

கணக்கு ஒன்றானாலும் குணம் ஒன்றல்ல. பென்சிலில் உள்ள கிராஃபைட் கறுப்பு, மின்சாரம் கடத்தும். அதே அடுக்கமைப்பில் போரானும் நைட்ரஜனும் சேர்ந்த போரான் நைட்ரைடு வெள்ளை, மின்சாரத்தைத் தடுக்கும். நைட்ரஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்வதால் பொதுச்சொத்து தனிச்சொத்தாகிவிடுகிறது. ஆகவே முழுவதும் மாற்றினால் வழி அடைபடும்; அளவோடு மாற்றினால் படியின் உயரத்தை வேண்டியவாறு அமைக்கலாம். 2016-ல் ஜப்பானில் ஹடகேயாமா குழுவினர், போரானையும் நைட்ரஜனையும் உரிய இடங்களில் வைத்த ஒரு மூலக்கூறிலிருந்து மிகத் தூய நீல ஒளியைப் பெற்றனர். அது பாலிமர் அன்று. எனினும் இடமறிந்து வைத்தலின் பயனை அது காட்டிற்று.

பாலிமரில் இதனைச் செய்து வருவோருள் ஜெர்மனியின் ஹோல்கர் ஹெல்ட்டன் குழுவினர் குறிப்பிடத்தக்கவர். நைட்ரஜன்மேல் சிலிக்கான் தொகுதி பூட்டிய ஒரு துண்டையும், போரான்மேல் ஹாலஜன் பூட்டிய மற்றொரு துண்டையும் சேர்த்தால், சிலிக்கானும் ஹாலஜனும் கூட்டாக ஆவியாகி வெளியேறும். போரானும் நைட்ரஜனும் கைகோத்துக்கொள்ளும். நச்சுள்ள வெள்ளீயச் சேர்மங்கள் இதற்குத் தேவையில்லை. இவ்வழியைத்தான் நானும் என் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன்.

என் குடுவையில் நடந்தது

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். இத்துறையில் எது கடினம் என்பதை அது நன்றாக விளக்கும்.

இரு முனைகளிலும் போரான்–புரோமின் பிணைப்பு உள்ள துண்டு ஒன்று. இரு முனைகளிலும் நைட்ரஜன்–சிலிக்கான் உள்ள துண்டு மற்றொன்று. இவற்றை ஈரமற்ற டொலுவீனில் கலக்க வேண்டும். டொலுவீனை உலர்த்த அதில் சோடியத்தையும் பென்சோபீனோனையும் இட்டுக் கொதிக்க விடுவோம். ஈரம் முற்றும் அகன்றபின்தான் கரைசல் ஆழ்ந்த நீலமாகும். நீலம் வந்தபின்னரே கரைப்பானை வடித்தெடுக்க வேண்டும் என்பது விதி. அன்று பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. மாலையில் எனக்கு ஊருக்கு இரயில். பச்சை கலந்த நிறம் தெரிந்ததும், "இது போதும்" என்று வடித்தெடுத்துவிட்டேன்.

விடுமுறை கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது, படலமாக உரிந்து வர வேண்டியது மாவாக உதிர்ந்தது. சங்கிலியின் சராசரி நீளத்தை அளந்தோம், 12 துண்டுகள்தாம். நைலானைக் கண்ட வாலஸ் கரோத்தர்ஸ் 1930-களில் வகுத்த கணக்கு இங்கே உதவுகிறது. இருவகை முனைகளும் சரிசமமாக இருந்து, நூற்றுக்கு 95 வினைபுரிந்தால் சராசரி நீளம் 20. நூற்றுக்கு 99 வினைபுரிந்தால் 100. ஒரு வகை முனைகள் நூற்றில் 5 குறைந்துவிட்டாலோ, வினை முழுதும் நிறைவேறினாலும் நீளம் 39-க்கு மேல் போகாது. எனக்குக் கிடைத்த 12-ஐ வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், போரான் முனைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 15-ஐ நீர் தின்றிருக்க வேண்டும். நான் எடுத்தது 1 கிராம் போரான் துண்டு. அதில் 4 மில்லிமோல் முனைகள். அவற்றில் நூற்றுக்கு 15-ஐக் கெடுக்கத் தேவையான நீர் சுமார் 11 மில்லிகிராம். ஒரு சொட்டில் கால் பங்கு கூட இல்லை!

எங்கள் ஆசிரியர் கோபிக்கவில்லை. "எலெக்ட்ரானுக்காக நீ திறந்து வைத்த கதவுதானே? தண்ணீரும் அதே வழியாகத்தான் வரும்" என்றார். போரானின் வெறுங்கூடுதான் அதன் பெருமை. நீரின் ஆக்ஸிஜன் தன் எலெக்ட்ரான் இணையோடு வந்து உட்காரும் இடமும் அதுவே. குறையை நீக்கக் கூட்டை அடைத்துவிட்டால் குணமும் போய்விடும். காவலாளிகள் மிகப் பருத்தவர்களானால், சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்க முடியாமல், மின்சாரம் ஒரு சங்கிலியிலிருந்து அடுத்ததற்குத் தாவ இயலாது. எவ்வளவு காவல், எவ்வளவு திறப்பு என்னும் அளவைக் காண்பதே இத்துறையின் உள்ளபடியான வேலை.

இரண்டாம் முறை நீலம் வரும்வரை காத்திருந்தேன். இரண்டு நாளாயிற்று. சங்கிலி நாற்பது துண்டுகளை எட்டிற்று. படலம் கிழியாமல் உரிந்தது. புற ஊதா விளக்கின்கீழ் நீலமாக ஒளிர்ந்தது. ஆனால் காற்றில் வைத்தால் நாளுக்கு நாள் ஒளி மங்குகிறது.

முடிவுரை

சென்ற மாதம் தந்தையாரிடம் இவை அனைத்தையும் தொலைபேசியில் மறுபடி சொன்னேன். பந்தியைச் சொன்னேன், காலி இலையைச் சொன்னேன், இரண்டு தளத்து வீட்டையும் படியையும் சொன்னேன். இம்முறை அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "மழத்தண்ணி பட்டா தாங்குமாப்பா?"

"இன்னும் தாங்கல அப்பா" என்றேன்.

"அப்போ அதத்தான் மொதல்ல பாரு. வீட்டுக்குள்ள எரியிற விளக்கு யாரு வேணாலும் போடலாம்" என்றார்.

ஆய்வேடுகளைப் படித்து நான் வந்தடைந்த கேள்வியும் அதுவே. கந்தகச் சங்கிலி நிலைத்தது. புகைப்படச் சுருள்வரை போயிற்று. போரான் சங்கிலி நிலைக்க வேண்டும். அதற்குரிய காவலைக் கண்டாக வேண்டும். அடுத்த பருவத்தில் மெசிட்டிலைவிடப் பருத்த தொகுதி ஒன்றை வைத்து, படலத்தின் ஒளி எத்தனை நாள் நிற்கிறது என்று அளக்கப் போகிறேன். நம் சங்கத்து நண்பர்களுள் இயற்பியலும் பொறியியலும் பயில்வோர் இருக்கிறீர்கள். படலத்தின் கடத்துதிறனை அளப்பதில் எனக்குத் துணை வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சங்கக் கூட்டத்தன்று வந்து கேட்டால், குடுவையையும் படலத்தையும் காட்டுவேன். நீலம் வரும்வரை காத்திருக்கும் பொறுமை ஒன்றுதான் தகுதி.